பாவியின் புருவம்

அவரை ஊரில் 'அட்டை' என்பார்கள். புத்தகங்களுக்கு மேலட்டைப் படம் போடுவது தொழில் என்பதால் பைண்டிங் கடைக்காரர்கள் வைத்த பெயர் அது. மனைவி வழி உறவினர்கள் அதே பெயரை வேறு அர்த்தத்தில் சொல்வார்கள். கல்யாணமான புதிதில், நல்ல வாடகை வீடு கிடைக்கும்வரை என்று சொல்லி மாமியார் வீட்டுக்குப் பெட்டியோடு வந்தவர், முன்வழுக்கை விழுந்த பிறகும் அந்த நல்ல வீட்டைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். கடித்தால் விடாத அட்டை. இரண்டில் எது பொருத்தம் என்று கேட்டால் அவரே இரண்டாவதற்குத்தான் கை தூக்குவார். முதல் அர்த்தத்தில் அவரை யாருக்குத் தெரியும்?

இத்தனை வருஷத்தில் எந்தப் புத்தகத்திலும் அவர் பெயர் வந்ததில்லை. ஒருமுறை பதிப்பாளரிடம் வாய்விட்டுக் கேட்டும் பார்த்தார். அட்டைக்கு எதுக்குங்க பேரு, வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சவன் பேரையா எழுதறோம் என்று பதிப்பாளர் ஒரே போடாகப் போட்டார். நியாயம்தானே என்று இவரும் அசடு வழியச் சிரித்துவிட்டு வந்தார். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொல்லியிருக்க வேண்டிய பதில் தோன்றியது. அவருக்கு எல்லாப் பதிலும் பேருந்தில்தான் தோன்றும்.

வேலை செய்வது பின்னறையில், ஜன்னலுக்கும் சலவை இயந்திரத்துக்கும் நடுவே கிடக்கும் மேஜையில். இயந்திரம் துணி பிழியத் தொடங்கினால் மேஜையே நடுங்கும். கோடு நேராக வராது. அந்த நேரத்துக்கென்று கடல் அலை, மரக்கிளை, கிழவர்களின் தாடி ஆகியவற்றை ஒதுக்கிவைத்திருப்பார். எந்தப் புத்தகத்தையும் படிக்கமாட்டார். தொலைபேசியில் பதிப்பாளரிடம் "சாவா, காதலா, சமையலா?" என்று கேட்டுக்கொள்வார். சாவு என்றால் தரையில் ஒரு கை. காதல் என்றால் இரண்டு முதுகுகள். சமையல் என்றால் ஆவி பறக்கும் தட்டு. இன்னொரு ரகசியம், காது வரைய அவருக்கு வராது. பெண்கள் என்றால் கூந்தலை இறக்கிவிடுவார், ஆண்கள் என்றால் அந்தப் பக்கத்தை இருட்டில் தள்ளிவிடுவார். அவர் வரைந்த மனிதர்களில் பாதிப் பேர் செவிடர்கள் என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொள்வார். வேறு யாராவது சொல்வதற்குள் தானே சொல்லிவிடுவது அவருடைய தற்காப்பு.

இனி மாமியார். ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். வீடு அவருடைய சம்பாத்தியம். மருமகனுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம் என்று சொல்ல முடியாது. சண்டை என்று வந்தால்தானே பொருத்தம் பார்க்க? மாமியார் சண்டை போடமாட்டார், பார்ப்பார். கண்ணாடிக்கு மேலாக, இடது புருவத்தைச் சற்றே தூக்கி, கிளம்பிப்போன ரயிலுக்கு டிக்கெட் கேட்டு நிற்பவனைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. அவ்வளவுதான், நாம் ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறோம் என்று தோன்றிவிடும். என்ன தப்பு என்று மட்டும் தெரியாது. இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளும்போதெல்லாம் அட்டை அந்தப் பார்வையை வாங்கிக் கட்டிக்கொள்வார். மற்றபடி கடைத்தெருவுக்குப் போனால் மாமியார் பையை நீட்டுவார், இவர் வாங்கிக்கொள்வார். மாமியார் முன்னால் போவார், பையும் மருமகனும் பின்னால் போவார்கள்.

அந்த இடது புருவத்தில் நடுவே ஒரு துண்டு முடி கிடையாது. ஒருநாள் குக்கர் சரியாக விசில் அடிக்கவில்லை என்று கடைக்கு எடுத்துப்போகக் கிளம்பியவர்களைத் தடுத்து, இதுக்கெல்லாமா கடைக்குப் போவாங்க, நானே பார்த்துடறேன் என்று திருப்புளியோடு உட்கார்ந்தவர் நம் அட்டைதான். அவர் சரிசெய்த பிறகு குக்கர் விசில் அடிக்கவே இல்லை. வெயிட்டையே அடித்தது. அது நேராகப் போய் மாமியாரின் புருவத்தில் விழுந்தது. கண் தப்பியது புண்ணியம். அன்றைக்கும் மாமியார் எதுவும் சொல்லவில்லை. ஈரத்துணியைப் புருவத்தில் வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த கண்ணால் பார்த்தார்.

இப்படியிருக்க, பதிப்பாளர் 'பாவி'யின் எல்லா நூல்களையும் தொகுதிகளாகப் போடுவது என்று முடிவுகட்டினார். பாவி என்றால் தெரியாதவர்கள் இல்லை. இரண்டு நூற்றாண்டுக்கு முன்னால் எழுதியவன். பச்சை பச்சையாக எழுதியதற்காகச் சிறையில் போட்டார்கள், புத்தகங்களைச் சந்தியில் வைத்துக் கொளுத்தினார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரை விட்டுவிட்டு ஊரே பாவி என்று கூப்பிட்டது, அதுவே நிலைத்தும்விட்டது. அவன் முகம் எப்படியிருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. வீட்டிலிருந்த படங்களை வெட்கப்பட்டுக் குடும்பத்தாரே அடுப்பில் போட்டுவிட்டார்களாம். ஆகவே ஒவ்வொரு ஓவியனும் தன் இஷ்டத்துக்கு ஒரு பாவியை வரைந்து வைத்திருந்தான். ஒருவன் கழுகு மூக்கு வைப்பான், ஒருவன் தொங்கும் உதடு வைப்பான்.

அட்டையும் தம் பங்குக்குக் கொம்பு முளைக்காத குறையாக ஒன்றைப் போட்டுக்கொண்டு போனார். பதிப்பாளர் பார்த்துவிட்டு, நாடகத்து வில்லன் மாதிரி இருக்கிறது என்று தள்ளிவைத்தார். "இவனைப் பார்த்தா பயம் வரக்கூடாதுங்க. நாமதான் ஏதோ தப்புப் பண்ணிட்டோமோன்னு தோணணும்" என்றார்.

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்த அட்டை, பழக்கதோஷத்தில் இரண்டாம் முறை சோற்றுக்குக் கை நீட்டினார். எதிரே கண்ணாடிக்கு மேலாக அந்தப் புருவம் ஏறியது. கை அப்படியே நின்றுவிட்டது. சோற்றை விட்டுவிட்டு எழுந்து பின்னறைக்கு ஓடினார். சாயங்காலத்துக்குள் படம் முடிந்துவிட்டது. ஒரு மீசையும் பழங்காலக் கழுத்துப்பட்டையும் சேர்த்தார், வலது பக்கக் காதை வழக்கம்போல் இருட்டில் தள்ளினார். புருவத்தின் வெட்டை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. அதை எடுத்தால் பார்வையே செத்துப்போய்விடும்.

பதிப்பாளர் தொலைபேசியில் அசந்துபோய்ப் பேசினார். இந்த முகத்தை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார். அட்டைக்குத் தலைகால் புரியவில்லை. ஆம்பளைக்கு ஆம்பளை ஒரு ஜோக் அடித்துவைப்போமே என்று குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஒரு பழசு இருக்கு சார். அதைப் பார்த்துதான் போட்டேன்" என்றார். பதிப்பாளர் சிரிக்கவில்லை. அப்படியா, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். என்ன ஒரு நகைச்சுவை இந்த மனுஷனுக்கு என்று அட்டை வியந்துபோனார்.

புத்தகம் வந்தபோதுதான் வியப்பு இறங்கியது. உள்பக்கத்தில் அச்சாகியிருந்தது: 'மேலட்டைப் படம், பல தலைமுறைகளாக ஒரு குடும்பத்தில் பாதுகாக்கப்பட்டுவரும் பழைய ஓவியத்தைத் தழுவியது.' பழசு என்றால் பழைய படம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார் பதிப்பாளர். திருத்தச் சொல்லலாம் என்றால், பழசு என்றது படத்தை அல்ல, மாமியாரை என்று வாயைத் திறக்க வேண்டும். எதற்கு வம்பு என்று இருந்துவிட்டார். அதோடு, பல தலைமுறை ஓவியம் வைத்திருக்கும் குடும்பம் என்று படிக்க உள்ளூர ஒரு குஷியாகவும் இருந்தது.

படம் பிய்த்துக்கொண்டு போனது. மற்ற பாவிகளையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு இந்தப் பாவிதான் பாவி என்று ஆகிவிட்டது. காபிக்கடைச் சுவரில் வந்தது, பனியனில் வந்தது, கல்லூரிப் பாடப் புத்தகத்திலும் வந்தது. எல்லா இடத்திலும் கீழே 'பழைய ஓவியத்திலிருந்து' என்று ஒரு வரி. அட்டை தெருவில் போகும்போது மாமியார் முகத்தை நெஞ்சில் போட்டுக்கொண்டு இளைஞர்கள் எதிரே வருவார்கள். இவர் பை தூக்கிக்கொண்டு ஒதுங்கி வழிவிடுவார்.

சில வருஷங்கள் இப்படி ஓடின. பிறகு நூலகத்திலிருந்து ஓர் அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டார். அங்கே கண்காட்சிகளைக் கவனித்துக்கொள்பவர், மரியாதையான பேச்சு. பாவியின் கற்பனை முகங்கள் அத்தனையையும் திரட்டி மாடிக்கூடத்தில் வைக்கப்போகிறார்கள், ஒவ்வொன்றின் கீழும் வரைந்தவர் பெயரைப் பெரிதாக எழுதப்போகிறார்கள் என்றார். அட்டை எழுந்தே நின்றுவிட்டார். என் படத்தை எப்போது கொண்டுவரட்டும் என்று கேட்டார்.

"உங்க படம் வேண்டாங்க. அது நகல்தானே. உங்க வீட்ல இருக்கிற அசலைக் கொடுத்தீங்கன்னா நடுக்கூடத்துல வெச்சுடுவோம்" என்றார் அம்மாள். அந்தப் புருவ வெட்டு வாள்சண்டையில் பட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்று தாம் நாலு பக்கம் எழுதியிருப்பதாகவும், அசலில் வண்ணம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆவலாக இருப்பதாகவும் சொன்னார்.

நகல் என்ற சொல் அட்டையைக் குத்திவிட்டது. வாழ்க்கையில் உருப்படியாக ஒன்றே ஒன்று போட்டார், அதுவும் தம்முடையது இல்லை என்று ஆகிவிட்டது. ஆக்கியதும் தாமே, தம் வாயே. உண்மையைச் சொன்னால் சுவரில் பெயர் வரும். ஆனால் உண்மையைச் சொல்வது என்றால், மாமியாரை ஊர் உலகத்தின் மகாபாவியாக வரைந்ததையும் பழசு என்று சொன்னதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அதுவும் மாமியாரின் கூரைக்குக் கீழே நின்றுகொண்டு. அந்த வீட்டில் அப்புறம் எந்த முகத்தோடு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்வது? இத்தனையும் அவருக்குத் தோன்றியது பேச்சு முடிந்த பிறகு. பேச்சின்போது அவர் வாய், கொண்டுவந்து தந்துவிடுகிறேன் என்று சொல்லித் தொலைத்திருந்தது.

ஆகவே பழைய ஓவியம் ஒன்றைத் தயாரிப்பது என்று முடிவு செய்தார். முட்டாள்தனம் என்று அவருக்கே தெரியும். ஆனால் முட்டாள்தனத்தில் அவருக்குக் கை தேர்ந்த அனுபவம் உண்டு. பழைய அலமாரியின் பின்பலகையைக் கழற்றினார், அலமாரி சாய்ந்தது. பலகைக்குத் தேயிலைச் சாயம் பூசினார், எறும்பு வந்தது. சர்க்கரை போட்ட தேநீரைப் பூசியிருக்கிறார். மனைவி எட்டிப் பார்த்து, என்னங்க இது என்று கேட்டதற்கு, ஒரு சமையல் புத்தகம் என்று சொல்லிவைத்தார்.

முகத்துக்கு வந்தபோது மாட்டிக்கொண்டார். அசல் என்றால் முழு முகம் வேண்டும். இருட்டில் தள்ளிய வலது பக்கத்தை நூலகத்து அம்மாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்காமல் விடுவாரா? அந்தக் காது எப்படியிருக்கும் என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. இத்தனை வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டும் அந்தப் பார்வைக்குப் பயந்து தலையைக் குனிந்தே தின்றிருக்கிறார்.

மாமியார் மதியம் கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து படிப்பது வழக்கம். அட்டை அவருக்கு வலது பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு செய்தித்தாளை விரித்தார். தாளுக்கு மேலாக ஒரு பார்வை, மடியில் மறைத்த தாளில் ஒரு கோடு. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாமியார் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல் பேசினார்.

"எந்தக் காது வேணும் மாப்பிள்ளை? சொன்னா திரும்பி உக்கார்றேன்."

அட்டை செய்தித்தாளை மடிமேல் கவிழ்த்துக்கொண்டார். சும்மா, செய்தி, வெளிச்சம் என்று என்னவோ உளறினார். மாமியார் புத்தகத்தை மூடி மடியில் வைத்தார். மேலட்டையில் மீசையோடு அவருடைய முகமே இருந்தது. பாவியின் மூன்றாம் தொகுதி.

"அத்தை... இதையெல்லாம் நீங்க படிக்கிறீங்களா?"

"நம்ம மூஞ்சியைப் போட்டிருக்காங்களே, உள்ள என்னதான் இருக்குன்னு பார்த்தேன். ஊர் சொல்ற அளவுக்கு ஒண்ணும் மோசமில்ல. இந்தத் தொகுதியிலதான் கொஞ்சம் வளவளன்னு போறான்."

படம் போட்ட ஆசையில் ஒருமுறை புரட்டிய அட்டையே பாவியில் நாலு பக்கத்துக்கு மேல் தாண்டியதில்லை. காது சூடாகி மூடிவைத்துவிட்டார். இப்போது அதைவிடச் சூடாக இருந்தது. எப்போது தெரியும் என்று கேட்டார். புத்தகம் வந்த அன்றே தெரியும், இந்தப் புருவம் வேறு யாருக்கு இருக்கிறது என்றார் மாமியார். அதற்கும் முன்பே தொலைபேசிப் பேச்சும் காதில் விழுந்ததாம். சமையலறைக்கும் தொலைபேசிக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர்தானே.

அட்டைக்குப் பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போல் இருந்தது. பழசு என்றதைக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு அன்றைக்கும் சோறு போட்டிருக்கிறார். வெட்கத்தில் அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"ஏன் அத்தை ஒண்ணும் சொல்லல?"

மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பழசுன்னது சுட்டுது, இல்லேங்கல. ஆனா கவுண்டர்ல எத்தனை வருஷம் உக்காந்திருந்தேன். வந்தவன் ஒருத்தனாவது மூஞ்சியைப் பார்த்திருப்பானா? ஓட்டைக்குள்ள கையை விடுவான், டிக்கெட்டை எடுத்துட்டுப் போயிடுவான். வீட்லயும் அப்படித்தான். இந்த மூஞ்சியை ஒருத்தர் உத்துப் பார்த்து, முடி இல்லாத இடத்தைக்கூட விடாம போட்டிருக்காரேன்னு இருந்துச்சு. பாவியாப் போட்டா என்ன? பார்த்துதானே போட்டீங்க."

அட்டை தலையைக் குனிந்துகொண்டார். எறும்பு மொய்த்த பலகையிலிருந்து நூலகத்து அம்மாள்வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மன்னிப்பும் கேட்டார், குக்கருக்கும் சேர்த்து. மாமியார் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

"நகலா? அதெப்படி நகல்னு சொல்லலாம்? அசல் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்."

ஊர் சிரிக்குமே அத்தை என்றார் அட்டை. சிரித்துவிட்டுப் போகட்டும், கூட்டத்தைப் பார்க்காதவளா நான் என்று மாமியார் உள்ளே போய் வெளியே போகும் செருப்பைத் தேடினார்.

நூலகத்து அம்மாள் மாடியில் படங்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். ஓவியம் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று அட்டையின் கையைப் பார்த்தார். கையில் மாமியாரின் பைதான் இருந்தது. மாமியார் முன்னால் வந்து, காபிக்கடைச் சுவரிலும் பனியனிலும் இருந்த அதே பார்வையை, மீசை இல்லாமல், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அம்மாள் ஓரடி பின்வாங்கினார். நாம் ஏதோ தப்புப் பண்ணிவிட்டோமோ என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

"வாள்சண்டை இல்லம்மா. குக்கர் வெயிட்டு" என்றார் மாமியார்.

அம்மாள் நல்ல மனுஷி. விஷயம் புரிந்ததும், சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த நாலு பக்கமும் இன்னும் அச்சுக்குப் போகவில்லை, பிழைத்தேன் என்றார். நடுக்கூடத்தில் அட்டையின் படத்தையே வைப்பது என்று அங்கேயே முடிவானது. கீழே முதல் வரியில் ஓவியர் பெயர். இரண்டாம் வரி என்ன எழுதுவது என்று கேட்டபோது அட்டை முந்திக்கொண்டார். முகம்: ஓவியரின் மாமியார், ரயில் நிலைய டிக்கெட் அதிகாரி, ஓய்வு. பழசு என்ற சொல்லைக் கனவிலும் நினைப்பதில்லை என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டார்.

திறப்பு நாளன்று அட்டை இஸ்திரி போட்ட சட்டையோடு சீக்கிரமே போய்த் தம் பெயருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். எப்படி நின்றால் பெயரும் ஆளும் சேர்ந்து தெரியும் என்று வீட்டுக் கண்ணாடி முன் ஒத்திகைகூடப் பார்த்திருந்தார். கூட்டம் வந்தது. வந்த கூட்டம் முதல் வரியைத் தாண்டி இரண்டாம் வரியைப் படித்தது, படித்ததும் மாமியாரைத் தேடிப் போய் மொய்த்துக்கொண்டது. பாவிக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள், அந்தப் பார்வையைப் பார்க்கச் சொன்னார்கள். மாமியாரும் வரிசையில் வாருங்கள் என்று ஒழுங்குபண்ணிவிட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு பார்வை கொடுத்தார். பழைய உத்தியோகம்தானே.

படமெடுக்க வந்த ஒருவர் அட்டையைக் கொஞ்சம் நகரச் சொன்னார், பெயர்ப் பலகையை மறைக்கிறாராம். நகர்ந்தார். நீங்க யாருங்க என்று பேச்சுக்குக் கேட்டார் அந்த ஆள். இதற்காகத்தான் அத்தனை வருஷம் காத்திருந்தது. வாயைத் திறந்தவருக்கு என்ன தோன்றியதோ, சிரிப்புத்தான் வந்தது.

"அவங்க வீட்டோட மாப்பிள்ளைங்க" என்றார். அந்தச் சொல்லை அவர் தாமாக வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்படியா, அப்போ இதைக் கொஞ்சம் பிடிங்க என்று அந்த ஆள், படத்துக்கு இடைஞ்சலாக இருந்த மாமியாரின் பையை எடுத்து அவரிடம் நீட்டினார். அட்டையும் கையை நீட்டினார். கூட்டத்துக்கு நடுவிலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"அவர்கிட்ட குடுக்காதீங்க. அது படம் போடற கை."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பி அட்டையைப் பார்த்தார்கள். அவருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சட்டைப் பைக்குள் விட்டார், வெளியே எடுத்தார், கடைசியில் பின்னால் கட்டிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பை வழக்கம்போல் அவரிடம்தான் இருந்தது. மாமியார் அதை இடது கைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தார்.